இரண்டாவது அடக்கம்

திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு பேராயரின் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் சபை சிறியது. பெயர் சொன்னாலும் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள் விட்டுப்போன ஜெபப் புத்தகத்தையும், பேராயர், குருவானவர், உபதேசியார் என்ற வரிசையையும் அப்படியே காப்பாற்றி வந்தவர்கள் நாங்கள். பேராயர்கள் எல்லோருக்கும் மேலே தலைமைப் பேராயர் ஒருவர் சென்னையில் இருந்தார்.

எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது பேராயரின் மனைவி. பள்ளியில் எனக்கு இங்கிலீஷ் எடுத்த டீச்சர் அவர். அதனால் அவரை எல்லோரும் "அம்மா" என்று கூப்பிட்டபோதும் நான் மட்டும் கடைசிவரை "டீச்சர்" என்றே கூப்பிட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தலைமைப் பேராயர் நல்ல பெயர் எடுத்தவர் அல்ல. யாரையும் கலந்தாலோசிக்க மாட்டார், சொந்தக்காரர்களுக்குப் பதவி கொடுப்பார், கேள்வி கேட்டவர்களைத் தூரத்து ஊர்களுக்கு மாற்றுவார். ஒரு கட்டத்தில் சபையின் ஆட்சி மன்றம் கூடி அவரை நீக்கிவிட்டதாக அறிவித்து, வேறு ஒருவரை உட்கார வைத்தது. எல்லாப் பேராயர்களும் புதியவரை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பேராயர் மட்டும் போடவில்லை.

மன்றத்திலிருந்து மூன்று பேர் நேரில் வந்து கேட்டார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஐயா, அவர் பண்ணின அநியாயம் உங்களுக்கே தெரியும். அவருக்காக நீங்க ஏன் நிக்கிறீங்க?"

"அவர் நல்லவர்னு நான் சொன்னேனா? அவரைப் பத்தி உங்களைவிட எனக்கு அதிகமாத் தெரியும். ஆனா எனக்குப் பேராயர் அபிஷேகம் நடந்த அன்னைக்கு அவர் கைக்குள்ள கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். சத்தியத்துல, நல்லவரா இருந்தா மட்டும்னு ஒரு வார்த்தை இல்லையே."

டீச்சர் காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, கோர்ட்டின் இடைக்கால உத்தரவோடும் நாலு போலீஸ்காரர்களோடும் புதிய நிர்வாகத்தார், அலுவலகமும் வீடுமாக இருந்த பங்களாவுக்கு வந்தார்கள். பேராயரின் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக எடுத்து வராந்தாவில் அடுக்கினார்கள். செங்கோலையும் மோதிரத்தையும் கேட்டார்கள். மோதிரம் விரலில் இறுகிப்போயிருந்தது. டீச்சர் குளியலறையிலிருந்து சோப்பு எடுத்துவந்து, அவர் விரலில் தடவி, திருகித் திருகிக் கழற்றிக் கொடுத்தார். அதை வாங்கியவர் முந்தின வருடம் அவர் கையாலேயே குருப்பட்டம் வாங்கியவர். தலையைக் குனிந்துகொண்டே வாங்கினார்.

நானும் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். என் கணவர், "உனக்கு எதுக்கு இந்த வம்பு, யார் வந்தாலும் டைப் அடிக்கத்தானே போறே" என்றார். கொள்கை எதுவும் எனக்கு இல்லை. சோப்பு நுரையோடு டீச்சர் நின்ற இடத்தில் உட்கார்ந்து இன்னொருவருக்கு லெட்டர் அடிக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது.

அவர்களுக்கு வீடு கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. புத்தூரிலும் பீமநகரிலும் எங்கள் சபைக்காரர்கள் நிறைய வீடுகள் வைத்திருந்தார்கள். புதிய நிர்வாகத்துக்குப் பயந்து ஒருவரும் தரவில்லை. கடைசியில் இடம் கொடுத்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி போர்ஷன். கீழே அவர் குடும்பம். தபால் இலாகாவில் ரிட்டயர் ஆன ஐயங்கார். டீச்சரிடம் அவர் மகளும் படித்திருந்தாள்.

"உங்க பகவானை நீங்க ஆராதனம் பண்றதுல அடியேனுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றார். "பாட்டுப் பாடலாம், நாலு பேர் வரலாம். மாடியில மாம்சம் மட்டும் சமைக்கப்படாது. அகத்துல சாளக்ராமம் எழுந்தருளியிருக்கார்."

பேராயர் ஒப்புக்கொண்டார். வெளியிலும் கறி சாப்பிடுவதில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அதற்கு அவசியமே இல்லை. ஆனால் வாக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு அளவு தெரியாது. கிறிஸ்துமஸுக்கு டீச்சர் முட்டை போடாத கேக் செய்து கீழ் வீட்டுக்கும் அனுப்பினார். அவர்கள் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பாத்திரம் கற்கண்டோடு திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் ஆராதனை. நாங்கள் ஏழு பேர். புதிய நிர்வாகம் ஜெபப் புத்தகத்தையும் மாற்றிவிட்டிருந்தது. பழையதில் ஆராதனை நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. நாங்கள் பழையதைத்தான் வாசித்தோம். மர ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து அதுதான் பீடம். ஏகாதசி நாட்களில் கோயிலுக்குப் போகும் கூட்டத்தின் சத்தத்தில் அவர் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்காது.

புதன்கிழமை மாலைகளில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அவரிடம் பழுத்துப்போன ஒரு தடித்த புத்தகம் இருந்தது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பேராயரின் வாழ்க்கை. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குச் சொல்வார். அந்த ஊரில் ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் சண்டை மூண்டபோது அந்தப் பேராயர் ராஜா பக்கம் நின்றார். பிடித்துச் சிறையில் போட்டார்கள். ராஜாவைப் பட்டப்பகலில், ஜனங்கள் பார்க்கத் தலையை வெட்டினார்கள். பேராயர் என்ற பதவியே இனி இல்லை என்றார்கள். ஜெபப் புத்தகத்தைத் தடை செய்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே அவர் மனைவி இறந்துபோனாள். வருடங்கள் போயின. ராஜாவைக் கொன்றவர்களின் தலைவன், விட்டுவிடுகிறேன், வெளியே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினான். அவன் கையிலிருந்து விடுதலையை வாங்கினால் அவனை ஆட்சியாளன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் உள்ளேயே இருந்துவிட்டார்.

இந்த இடத்தைச் சொல்லும்போது எங்கள் பேராயரின் குரல் மாறிவிடும்.

"சரி, அப்புறம் வெளிய வந்தாரா இல்லையா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வந்தார். வெட்டுப்பட்ட ராஜாவோட மகன் திரும்பி வந்து சிம்மாசனம் ஏறினான். இவரையும் பழைய இடத்துல உட்கார வெச்சாங்க."

"உட்கார்ந்து என்ன பண்ணினார்?"

"சபையை ஒழுங்குபடுத்தினார்" என்று புத்தகத்தை மூடினார்.

டீச்சர் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். காய் நறுக்கிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "அவரு ராஜாவுக்கு விசுவாசமா இருக்காரு. நான் அவருக்கு இருக்கேன். அந்தப் புத்தகத்துல அந்தம்மாவைப் பத்தி ரெண்டு வரிதான் இருக்கு, தெரியுமா? நான் தேடிப் பார்த்துட்டேன்."

டீச்சருக்குச் சர்க்கரை நோய் வெகுநாளாக இருந்தது. மூன்றாம் வருடம் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை தில்லைநகரில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போடும் நர்ஸ்கூட எங்கள் பழைய சபைக்காரிதான். பேசுவாள், அழுவாள், ஆனால் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வர மாட்டாள். இதற்கிடையே நீக்கப்பட்ட தலைமைப் பேராயரும், அதை எதிர்த்துத் தான் போட்ட வழக்கு முடியும் முன்னே சென்னையில் ஒரு லாட்ஜ் அறையில் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று பேராயர் சாப்பிடவில்லை. டீச்சர் சொன்னார், "இனிமே சத்தியம் முடிஞ்சுபோச்சு இல்லையா? ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமே."

"அவர் இடத்துக்கு முறைப்படி வர்றவர் வர்ற வரைக்கும் முடியாது" என்றார் அவர்.

டீச்சர் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், அந்த மாடியிலேயே இறந்துபோனார்.

நகரத்தில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டச் சாவி புதிய நிர்வாகத்திடம் இருந்தது. என் கணவர் போய்க் கேட்டார். பேராயர் ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் கொடுத்தால் உடனே திறந்துவிடுகிறோம் என்றார்கள். கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். என் கணவர் அதைக் கொண்டுவந்து பேராயரிடம் கொடுத்தார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து, டீச்சரின் தலைமாட்டில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. ஐஸ் பெட்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு போன் செய்தேன். லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் சபைக்குச் சின்னக் கோயில் உண்டு. அங்கே இருந்த குருவானவர் புதிய நிர்வாகத்தின் பேராயரிடம் குருப்பட்டம் வாங்கியவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் டீச்சரிடம் படித்தவர். குருவானவர்களை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஐயரே, டீச்சர் போயிட்டாங்க. வைக்க இடமில்ல" என்றேன்.

எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு, "கொண்டு வாங்கக்கா. குழி வெட்டச் சொல்றேன்" என்றார்.

மாடிப்படி குறுகலாக இருந்ததால் சவப்பெட்டியை நிமிர்த்திப் பிடித்துத்தான் இறக்க முடிந்தது. ஐயங்கார் வாசலில் கைகூப்பி நின்றார். அவர் வீட்டுப் பெண்கள் வாசலில் கோலம் போடாமல் விட்டிருந்தார்கள். டோல்கேட் தாண்டி லால்குடி ரோட்டில் வேன் போனபோது இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. பேராயர் பெட்டியின் மேல் கைவைத்தபடி வந்தார்.

கிராமத்துக் கல்லறையில் ஊர் ஜனம் அறுபது எழுபது பேர் சேற்றுக் காலோடு நின்றார்கள். டீச்சரை அவர்களில் பலருக்குத் தெரியாது. குருவானவர் அங்கி போட்டுக்கொண்டு, பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்து, தடை செய்யப்பட்ட அந்த அடக்க முறையை முழுதாக வாசித்தார். பேராயர் துக்க வீட்டுக்காரராகக் குழியின் ஓரத்தில் நின்றார். ஊர் ஜனங்கள் ஒவ்வொருவராக மண் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தக் குருவானவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மூன்று மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் அதைப்பற்றி எங்களிடம் சொல்லவே இல்லை. வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் வருடம் தீர்ப்பு வந்தது. தலைமைப் பேராயரை நீக்கியது செல்லாது, அதற்குப் பிறகு நடந்த நியமனங்கள் எதுவும் செல்லாது. புதியவர்கள் போனார்கள். எங்கள் பேராயர் கன்டோன்மென்ட் பங்களாவுக்குத் திரும்பினார். அன்று மேளம் வைத்து, மாலை போட்டு, ஐந்து வருடம் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் வந்து அவர் கையை முத்தமிட்டார்கள். மோதிரம் இப்போது விரலில் தளர்ந்து சுற்றியது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். நான் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு சுற்றறிக்கை டைப் அடித்தேன். இடைக்காலத்தில் புதிய நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட குருவானவர்கள் எல்லோரும் தாங்கள் செய்தது தவறு என்று தங்கள் சபை முன்னால் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். இடைக்காலத்தில் குருப்பட்டம் பெற்றவர்கள் மறுபடியும் முறைப்படி பட்டம் பெற வேண்டும். மறுப்பவர்கள் சபை கொடுத்த குருமனை வீட்டைக் காலி செய்ய வேண்டும். கெடு ஒரு மாதம்.

பெரும்பாலோர் வந்து மண்டியிட்டார்கள். நாலு பேர் மறுத்தார்கள். அவர்களில் லால்குடிக் குருவானவர் நேரில் வந்து காரணம் சொன்னார். நான் என் மேஜையில் இருந்தேன். கதவு அன்றைக்கும் திறந்துதான் இருந்தது.

"ஐயா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கிறேன். எத்தனை தடவை வேணாலும் கேக்கிறேன். ஆனா மறுபடியும் பட்டம் வாங்க முடியாது."

"ஏன்?"

"வாங்கினா, இத்தனை நாள் நான் குருவானவர் இல்லைன்னு ஆயிடும். நான் கொடுத்த ஞானஸ்நானம், நான் கொடுத்த திருவிருந்து எல்லாம் பொய்யின்னு அந்த ஜனங்ககிட்ட நான் எப்படிங்கய்யா சொல்றது? சேத்துல இருந்து கால் கழுவிட்டு வந்து முழங்கால் போட்டவங்க."

"உங்களுக்குக் கை வெச்சவருக்கு அதிகாரமே இல்ல. தீர்ப்பு அதைத்தான் சொல்லுது."

குருவானவர் கேட்டார்: "அப்ப, அம்மாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு நான் யாருங்கய்யா?"

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நல்ல மனுஷன்" என்றார் பேராயர். "குருவானவர் இல்ல."

அந்த வாரம் சனிக்கிழமை காலை என்னை வீட்டிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் முழு அங்கியோடு உட்கார்ந்திருந்தார். லால்குடிக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். கல்லறையில் உபதேசியார் காத்திருந்தார். டீச்சரின் மேட்டில் புல் வளர்ந்திருந்தது. யாரோ சுற்றிலும் செங்கல் பதித்து வைத்திருந்தார்கள். பேராயர் தலைமாட்டில் நின்று, ஜெபப் புத்தகத்தைப் பிரித்து, அடக்க ஆராதனையை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் வேலி ஓரம் நின்றார்கள். ஒரு அம்மாள் உள்ளே வந்து, வாசிப்பு முடியும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அம்மாவ எதுக்குங்க திரும்ப அடக்கம் பண்றீங்க? அன்னிக்கே ஜெபம் பண்ணித்தானே வெச்சோம்."

"அன்னைக்கு முறைப்படி நடக்கலம்மா."

"நாங்க எல்லாரும் மண்ணு போட்டோமுங்களே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் சொன்னாள்.

பேராயர் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி மேட்டின்மேல் போட்டார். என்னையும் பார்த்தார். நானும் போட்டேன். அந்த அம்மாள் போடவில்லை.

திரும்பி வரும்போது டோல்கேட் வரைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பிறகு, "ஏம்மா, நான் செஞ்சது சரிதானே? அந்தக் குருவானவருக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டம்னு இருக்கக் கூடாது இல்லையா?" என்று கேட்டார். அவர் முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சரிங்கய்யா" என்றேன். அதைத் தவிர வேறு எது சொல்லியிருந்தாலும் அது இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்தக் குருவானவரை நீக்கும் உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். அந்தக் குடும்பம் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நடுவருஷத்தில் வீட்டைக் காலி செய்தது. துவாக்குடியில் மாணவர்கள் தங்கும் ஒரு தனியார் ஹாஸ்டலில் அவருக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். அவர் மனைவி அங்கேயே மெஸ்ஸில் சமைத்தாள். கிராமத்தில் பாதிக் குடும்பங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்தின. குருவானவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பஸ் பிடித்து வரச்சொல்லி, ஒரு களத்து ஷெட்டில் ஆராதனைக்கு உட்கார்ந்தார்கள்.

அந்தத் தடித்த புத்தகத்தைப் பேராயர் அலுவலக அலமாரியில் வைத்திருந்தார். ஒரு மதியம் கடைசி அத்தியாயங்களை எடுத்து வாசித்தேன். திரும்பி வந்த பேராயர்கள் எல்லோரும் சேர்ந்து, தங்கள் முறைக்கு உடன்படாத குருவானவர்களை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் ஊர் ஊராக வெளியேற்றினார்கள் என்று அதில் இருந்தது. மறுபடியும் பட்டம் வாங்கச் சொன்னதும் இருந்தது. வெளியேறினவர்களின் பெயர் இல்லை. புத்தகத்தை அவர் எங்களுக்கு முழுதும் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், அதை அவர் மறைக்கவில்லை, அவருக்கு அது சாதாரணமாகப் பட்டிருக்கிறது.

ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். நான் போனால் இடது கையால் காற்றில் எதையோ எழுதிக் காட்டுவார். எனக்குப் புரியாது. டீச்சர் பக்கத்தில் வைக்கச் சொல்கிறாரோ என்று நினைத்து, வந்தவர்களிடம் சொன்னேன். ஆனால் பேராயர்களுக்கு நகரத்துக் கல்லறையில் தனி வரிசை உண்டு. அங்கேதான் வைத்தார்கள். முறை அது. டீச்சர் லால்குடியிலேயே இருக்கிறார்.

அடக்கத்தன்று கல்லறை கேட்டுக்கு வெளியே, டீக்கடை ஓரமாக, அந்தக் குருவானவரைப் பார்த்தேன். சாதாரண வெள்ளைச் சட்டை. கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளே வரவில்லையா என்று கேட்டேன்.

"என்னைப் பார்த்தா அங்க யாருக்காவது சங்கடமா இருக்கும். இங்கேயே நின்னு ஜெபம் பண்ணிட்டேன்" என்றார்.

வெகுநாளாக மனசில் இருந்ததைச் சொன்னேன். "ஐயரே, அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டதும் நான்தான். உங்க ஆர்டரை அடிச்சதும் நான்தான்."

"தெரியும்க்கா. கீழ உங்க இனிஷியல் இருந்துச்சு." டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அடிக்க மாட்டேன்னு நீங்க சொல்லியிருந்தாலும் வேற ஆள் அடிச்சிருப்பாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அம்மாவை எப்படி வெச்சோம்னு பக்கத்துல நின்னு பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான் அந்த ஆபீஸ்ல இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

துவாக்குடி பஸ் வந்தது. "வரேங்கக்கா" என்று சொல்லி ஏறிக்கொண்டார். இப்போது இருக்கிற பேராயர் அவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வாரா என்று தெரியாது. அவருக்காக நான் விண்ணப்பம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடமாக அது பேராயரின் அதே மேஜையில்தான் இருக்கிறது.